போத்தலைக் கடைசியாத் திறவுங்கோ

காருக்கு நைட்ரஸ் வாயு பூட்ட வேணுமெண்டு உங்களிட்ட வாற ஆக்களில பாதிப்பேர் ஆரிட்டயோ தோத்துப்போட்டு வாறவை. மற்றப் பாதிப்பேர் இனித் தோக்கப் போறவை. ரெண்டு கூட்டத்தையும் இருத்தி, தேத்தண்ணி குடுத்து, என்ன நடந்ததெண்டு முதல் கேளுங்கோ. எஞ்சினைப் பற்றிப் பேந்து கேக்கலாம்.

வேர்க்ஷொப்பை இப்ப கொண்டு நடத்திற நீங்கள், ரிட்டயர் ஆன மனுசன் வீட்டில சும்மாதானே இருக்கிறார் எண்டு, என்ர அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டியள். சுவரில ஒட்டிற மாதிரிப் பத்துக் கட்டளை வருமெண்டு பாத்திருப்பியள். அது என்னட்ட இல்லை. எந்த ஜெட், எந்த வயர், எவ்வளவு பிரஷர் எல்லாம் கிட்டோட வாற புத்தகத்தில கிடக்கு. அந்தப் புத்தகத்தைப் பெட்டியோட சேத்துக் குப்பையில போடுறது உங்களில ஆரெண்டும் எனக்குத் தெரியும். நான் எழுதப்போறது ஒரேயொரு வேலையைப் பற்றி. முப்பத்தொரு வருசத்தில நான் பூட்டின கிட்டுகளில பாக்க ஆக வடிவா இருந்தது அதுதான். அதாலதான் ஒரு மனுசியின்ர கண் போனது.

பரமண்ணை பாதாள ரெயில் ஓட்டினவர். முப்பது வருசமா சிக்னல் சொன்ன வேகத்தில போய், சிக்னல் சொன்ன இடத்தில நிண்டவர். ஐம்பத்தாறு வயசில அவர் ஒரு அமெரிக்க மசில் கார் வாங்கினார். ஐஞ்சு லீற்றர், எட்டுச் சிலிண்டர், சிவப்பு. லண்டனில மிச்சம் எண்ட இடத்தில அவற்ற வீடு இருந்த றோட்டில அதைத் திருப்பிறதெண்டா மூண்டு தரம் முன்னுக்கும் பின்னுக்கும் எடுக்க வேணும். அவர் எத்தினை மணிக்கு வேலைக்கு வெளிக்கிடுறார் எண்டது அந்தச் சந்து முழுக்கத் தெரியும்.

அவற்ற மனுசியின்ர தம்பி வடக்கு லண்டன் எட்மண்டனில இருந்தவர். அவரிட்ட ஒரு கரண்ட் கார். பின் சீற்றில பிள்ளையின்ர சீற், அதுக்குக் கீழ பிஸ்கட் தூள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான்மார் ரெண்டு பேரும் லண்டனுக்கு வெளியில இருக்கிற டிராக் ஸ்ட்ரிப்புக்குப் போயிருக்கினம். கால் மைல் நேர் றோட்டு, பேர் குடுத்துப்போட்டு ஆரும் கார்ப் பந்தயம் ஓடலாம். தம்பிக்காரன் ஒரு சத்தமுமில்லாமல் முன்னுக்குப் போய், முடிவில காத்துக்கொண்டு நிண்டு, கண்ணாடியை இறக்கி, "அத்தான், ஹாண்ட் பிறேக் ஏதும் இறுகிக் கிடந்ததோ?" எண்டு கேட்டிருக்கிறார்.

திங்கக்கிழமை காலமை நான் ஷட்டரைத் திறக்கேக்கை பரமண்ணை வெளியில நிண்டார்.

"யோகன், எனக்கு நூற்றைம்பது ஹோர்ஸ் பவர் கூட வேணும்."

"என்னத்துக்கு அண்ணை?"

"அதைக் கேளாதையும்."

தேத்தண்ணி குடுத்தன். சொன்னார்.

நைட்ரஸ் எண்டது எஞ்சினுக்குக் கொஞ்ச நேரத்துக்குக் கூடுதலா மூச்சுக் குடுக்கிற வேலை. அந்த வாயு உள்ளுக்க போற அதே நேரம் அதுக்குக் கணக்கான பெற்றோலும் போக வேணும். பெற்றோல் ஒரு செக்கன் பிந்தினாலும் பிஸ்டன் உருகும். பரமண்ணையின்ர கார் கம்பனியில இருந்து வந்தபடியே இருந்தது, உள்ளுக்க ஒரு ஆணிகூட மாத்தேல்லை. அப்பிடியான எஞ்சினுக்கு எழுபத்தைஞ்சுக்கு மேல நான் குடுக்க மாட்டன் எண்டு சொன்னன். அவர் கோப்பையை வைச்சுப்போட்டு எழும்பிப் போனார். ஒம்பது நாள் கழிச்சு வந்தார்.

"மற்ற இடத்தில இருநூறு தாறன் எண்டவன்."

"தருவான் அண்ணை. பேந்து பிஸ்டனையும் கழட்டிக் கையில தருவான்."

காரின்ர திறப்பை மேசையில வைச்சார். ஏலாது எண்டதை ஏலாது எண்டு சொல்ல எனக்குத் தெரியும் எண்டதுக்காகத்தான் இதைச் சொல்லுறன். வேர்க்ஷொப்புக்குள்ள, என்ர உடுப்பில, என்ர மேசைக்குப் பின்னால நிண்டா எனக்கு அது சுகம்.

வேலையை ஒழுங்காத்தான் செய்தன். எஞ்சினின்ர சுகத்தை முதல் பாத்தன், பெற்றோல் பம்ப் தாக்குப்பிடிக்குமோ எண்டு பாத்தன். அக்சிலேட்டரை அடிமட்டும் மிதிச்சாத்தான் வாயு போகும், பெற்றோல் பிரஷர் குறைஞ்சால் தானா நிக்கும். வாயுப் போத்தல் டிக்கிக்குள்ள, நாலு போல்ட் போட்டு, ஆபத்தெண்டா வாயு வெளியில போக ஒரு குழாயும் விட்டு. காப்புறுதிக்காரருக்கும் மறைக்கக்கூடாதெண்டு, போன் எடுக்கச் சொல்லிப் பக்கத்தில நிண்டன். போனில கதைச்ச பிள்ளை இதை என்ன தேவைக்குப் பாவிக்கப் போறியள் எண்டு கேட்டது. பரமண்ணை யோசிச்சுப்போட்டு, "குடும்ப விசயம்" எண்டு இங்கிலீசில சொன்னார்.

இனி இந்தக் கதைக்கு வேண்டிய ஒரேயொரு சாமானைச் சொல்லுறன். எஞ்சினுக்குப் பக்கத்தில ஒரு சின்ன வால்வ் இருக்கும், கரண்டில வேலை செய்யிறது. போத்தலைத் திறந்தால் வாயு அந்த வால்வ் மட்டும் வந்து நிக்கும். அந்த வால்வுக்குள்ள ஒரு தூசு இருந்தாலும் அது முழுக்கப் பூட்டாது, ஒழுகும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தா ஒழுகிறதை எஞ்சின் குடிச்சுப்போடும். எஞ்சின் நிண்டிருந்தா அது காத்துப் பெட்டிக்குள்ள, உங்கட பாசையில மனிபோல்டுக்குள்ள, சேர்ந்துகொண்டே இருக்கும். அதுக்குப் பிறகு ஆராவது திறப்பைத் திருப்பினா எஞ்சின் ஸ்டாட் ஆகாது. வெடிக்கும். பரமண்ணையின்ர காரில அந்தப் பெட்டி பிளாஸ்டிக்.

இதை எனக்குப் படிப்பிச்சது ஸ்ட்ரிப்பில கார்களைச் சோதிச்சு விடுற ஒரு வெள்ளைக்கார மனுசி. நான் தொழிலுக்கு வந்த புதுசில, வரிசையில நிக்கேக்கை எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுப் போத்தலைத் திறந்து வைச்சிருந்தன். அவ குனிஞ்சு பாத்தா. திறப்பைக் கழட்டித் தன்ர பொக்கற்றுக்குள்ள போட்டுக்கொண்டு அடுத்த காருக்குப் போயிட்டா. பின்னேரம் எல்லாரும் வீட்டுக்கு வெளிக்கிடேக்கைதான் திருப்பித் தந்தா. எந்த வால்வும் ஒரு நாளைக்கு ஒழுகும், எந்த நாள் எண்டு அது உனக்குச் சொல்லாது எண்டு மட்டும் சொன்னா. எனக்கு அண்டைக்குச் சரியான கோவம். ஆனா ஒழுங்கு மனசில நிண்டுது. முதல் எஞ்சின் ஓட வேணும். பந்தயக் கோட்டில நிக்கேக்கை, கடைசி நிமிசத்தில போத்தல் திறபட வேணும். ஓடி முடிஞ்ச உடன பூட்டுப்பட வேணும்.

இதைத் தமிழில ஒரு தாளில எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, பரமண்ணையின்ர டிக்கி மூடியின்ர உள்பக்கத்தில ஒட்டிவிட்டன். முத்து முத்தான கையெழுத்து.

மல்லிகா அக்கா பரமண்ணையின்ர மனுசி. ஆஸ்பத்திரியில சத்திரசிகிச்சை வார்டில நேர்ஸ், அந்த வார்டையே கொண்டு நடத்தினவ. தன்ர புருசனும் தன்ர தம்பியும் காரில போட்டி போடுறதைப் பற்றி அவ சொன்னதை இஞ்ச எழுத ஏலாது. ஆனா ஓடுறதெண்டு முடிவாப் போச்செண்டா, கோயிலுக்குக் கொண்டு போய்ப் பூசை செய்யாமல் ஓட விடமாட்டன் எண்டு ஒரே பிடியா நிண்டா. என்னையும் வரச் சொன்னா. பூட்டின கையும் நிக்க வேணுமாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேற்கு லண்டனில ஒரு கோயில், அதின்ர கார் பார்க். கார் கழுவித் துடைச்சு நிண்டுது. பஞ்சாங்கப்படி நல்ல நேரம் பதினொண்டு இருபதில இருந்து பன்னிரண்டு பத்து மட்டும். நாங்கள் பதினொண்டு பத்துக்கே வந்திட்டம். ஐயர் வந்து சந்தனம் வைச்சு, மந்திரம் சொல்லி, ஆலாத்தி காட்டி, நேரத்துக்குள்ள ஸ்டாட் பண்ணி, ரயருக்குக் கீழ வைச்ச தேசிக்காயை நசிச்சுக்கொண்டு கார் வெளிக்கிட வேணும்.

அக்கா பட்டுச் சீலையோட, கையில தட்டோட வந்தா.

"தம்பி, எல்லாத்தையும் இப்பவே ஆயத்தமா வைச்சிருங்கோ. நேரம் வந்தாப்பிறகு டிக்கியைத் திறக்கிறது மூடுறது எண்டு ஒரு ஓட்டமும் வேண்டாம். அவர் திறப்பைத் திருப்பிற மட்டும்தான் இருக்க வேணும்."

"போத்தலை இப்ப திறக்கிறேல்லை அக்கா."

"ஏன், அதுக்கும் சேத்துத்தானே பூசை. பூட்டி வைச்சுக்கொண்டே பூசை செய்யிறது?"

அதில நான் நிண்டுபோனன். கோயில் வாசல். அக்கா எண்டு கூப்பிடுற மனுசி. பின்னால சொந்தக்காரர் பத்துப் பதினைஞ்சு பேர், எல்லாரும் என்ர வாயைப் பாத்துக்கொண்டு. மனுசனின்ர எஞ்சின் உருகிப்போம் எண்டு முகத்துக்கு நேர சொன்ன எனக்கு, அக்காவுக்கு ஏலாது எண்டு சொல்ல வாய் வரேல்லை. ஐஞ்சு நிமிசம் தானே எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு போத்தலைத் திறந்தன். டிக்கி மூடியில என்ர கையெழுத்து எனக்கு முன்னால கிடந்தது.

ஐயர் உள்ளுக்க வேற ஒரு குடும்பத்தின்ர அபிஷேகத்தில நிண்டிட்டார். ஐஞ்சு நிமிசம் நாப்பது நிமிசமாப் போச்சு. அதுக்கிடையில நான் ஒருக்காப் போய்ப் போத்தலைப் பூட்டியிருக்கலாம். ஒரு சின்னப் பிள்ளைக்கும் அது ரெண்டு செக்கன் வேலை. நான் பரமண்ணையின்ர மச்சான்காரனோட கரண்ட் காரின்ர பற்றறியைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு நிண்டன்.

ஐயர் வந்து கெதி கெதியாச் சந்தனம் வைச்சார். ஸ்டியரிங்குக்கு ஒண்டு, போத்தலுக்கு ஒண்டு, எஞ்சினுக்கு மூண்டு. அந்த வால்வ் புதுசா மினுங்கினதால அதுக்கும் ஒண்டு. மந்திரம் சொல்லி முடிய, பரமண்ணை உள்ளுக்க ஏறித் திறப்பைப் போட்டார். அக்கா கற்பூரத்தைக் கொளுத்தி, திறந்திருந்த பொனட்டுக்கு முன்னால வந்து, எஞ்சினுக்கு மேல தட்டைச் சுத்தத் தொடங்கினா. மச்சான்காரன் போனைத் தூக்கிப் பிடிச்சு வீடியோ எடுத்துக்கொண்டு நிண்டார்.

நான் பக்கத்தில நிண்டு பொட்டுகளைப் பாத்தன். மற்றப் பொட்டெல்லாம் மஞ்சளா, ஈரமா இருந்தது. வால்வுக்கு மேல இருந்தது மட்டும் வெள்ளையா உறைஞ்சு, கல்லாக் கிடந்தது. விரலை வைச்சன். விரல் ஒட்டிப் பிடிச்சுது.

அப்பிடிக் குளிர வேணுமெண்டா வாயு அதுக்குள்ளால போய்க்கொண்டிருக்க வேணும். நாப்பது நிமிசமாப் போயிருக்கு. அந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்கும் அக்காவின்ர முகத்துக்கும் இடையில ஒரு முழம்தான். பரமண்ணை திறப்பில கையை வைச்சுக்கொண்டு ஐயரைப் பாக்கிறார்.

இந்த இடத்தில நீங்கள் எல்லாரும் என்ன செய்வியள் எண்டு எனக்குத் தெரியும். "நிப்பாட்டுங்கோ, போத்தல் ஒழுகுது" எண்டு கத்துவியள். சரியான வேலை. ஆனா நல்ல நேரத்தில, கற்பூரம் எரியேக்கை, கோயில் வாசலில நிண்டு நிப்பாட்டு எண்டு சொல்லுறது எங்கட ஆக்களுக்குள்ள என்னெண்டு எடுபடும் எண்டதும் உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டில பேந்து ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் தடிமன் வந்தாலும் அண்டைக்கு அவன் சொன்ன சொல்லால எண்டுதான் வரும்.

நான் கத்தேல்லை. அக்காவைப் பாத்து, "புகை வரும் அக்கா, அங்கால தள்ளி நில்லுங்கோ" எண்டன். பக்கத்தில இருந்த பியூஸ் பெட்டியைத் திறந்து, நெருப்புப் பொறிக்குக் கரண்ட் போற பியூசைப் புடுங்கிச் சேர்ட் பொக்கற்றில போட்டன். பொறி இல்லாட்டி வெடி இல்லை. டிக்கிக்குப் போய்ப் போத்தலைப் பூட்டினன். கண்ணாடிப் பக்கமா வந்து நைட்ரஸ் சுவிச்சையும் நிப்பாட்டிப்போட்டு, "அண்ணை, அக்சிலேட்டரை அடிமட்டும் மிதிச்சுக்கொண்டு திருப்புங்கோ" எண்டன். ஐயர் தலையாட்டினார். பரமண்ணை திருப்பினார்.

எஞ்சின் சுத்திச்சுது. ஸ்டாட் ஆகேல்லை. ஆகாது எண்டது எனக்குத் தெரியும், அது சுத்திற ஒவ்வொரு சுத்துக்கும் உள்ளுக்க நிண்ட வாயு வெளியில போகுது எண்டதும் எனக்குத் தெரியும். வேற ஒருத்தருக்கும் தெரியாது. திரும்பத் திருப்பச் சொன்னன். திரும்ப. கற்பூரம் அணைஞ்சுது. ஒரு கிழவர் தொண்டையைச் செருமினார். மச்சான்காரன் வீடியோவை நிப்பாட்டாமல், "அத்தான், என்ர காரில இருந்து வேணுமெண்டா கொஞ்சம் கரண்ட் தரட்டோ?" எண்டார். ஐயரும் சிரிச்சவர்.

பியூசைத் திரும்பப் போட்டன். பன்னிரண்டு எட்டுக்குக் கார் ஸ்டாட் ஆச்சு. நல்ல நேரத்தில இன்னும் ரெண்டு நிமிசம் இருந்தது. தேசிக்காய் நாலும் நசிஞ்சுது.

"என்ன தம்பி நடந்தது?" எண்டு அக்கா கேட்டா.

"பற்றறி வயர் கொஞ்சம் லூசு அக்கா. இறுக்கிவிட்டன்."

அண்டைக்கு வீட்டுக்குப் போகேக்கை எனக்குச் சரியான சந்தோசம். ஒரு மனுசியின்ர முகத்தைக் காப்பாத்தி, கோயிலில ஒரு பிழையான சொல்லும் சொல்லாமல், நேரத்துக்குள்ள காரையும் ஸ்டாட் பண்ணிக் குடுத்திட்டன். என்னைப்போல ஒருத்தன் லண்டனிலயே இல்லை எண்டு நினைச்சன்.

அடுத்த நாள் முதல் சேவிஸ் எண்டு ஒரு பொய்யைச் சொல்லிக் காரை எடுப்பிச்சு வால்வைக் கழட்டிப் பாத்தன். உள்ளுக்க வெள்ளையா ஒரு சின்னத் துண்டு. ஒழுகாமலிருக்கப் பைப் முனைகளில சுத்திற ரேப், அந்த வெள்ளை நாடா. நைட்ரஸ் பைப்புக்கு ரேப் சுத்தக்கூடாது, பேஸ்ற்தான் பூச வேணும் எண்டு உங்களை எத்தினை தரம் ஏசியிருப்பன். பேஸ்ற் முடிஞ்சு போச்செண்டு, கிட் பூட்டின அண்டைக்கு ரேப்பைச் சுத்தினது வேற ஆருமில்லை, நான்தான்.

புது வால்வ் போட்டன். கைக்கு எட்டின இடமெல்லாம் ரேப்பைச் சுரண்டிப்போட்டுப் பேஸ்ற் பூசினன். ரேப் சுத்தின மூட்டு இன்னொண்டு போத்தல் பக்கத்தில, பின் சீற்றுக்குப் பின்னால. அதைப் பாக்கிறதெண்டாச் சீற்றைக் கழட்ட வேணும். பரமண்ணை அங்கதான் கதிரையில இருந்து பேப்பர் வாசிச்சுக்கொண்டிருந்தார். சீற்றைக் கழட்டினா ஏனெண்டு கேப்பார். பைப்புக்குள்ளால காத்தை ஊதிப்போட்டு, போதும் எண்டு விட்டன்.

அடுத்த கிழமை அவர் ஸ்ட்ரிப்பில மச்சான்காரனை வெண்டார். ஒரு கார் நீளத்தால. மச்சான்காரன் தன்ர கார் சிக்கன மோடில கிடந்ததாம் எண்டு சொன்னார். பரமண்ணை எனக்குப் போன் எடுத்து ரெண்டு தரம் நன்றி சொன்னார். எழுபத்தைஞ்சால வெண்டது எண்டு அவர் நினைக்கேல்லை. அண்டைக்குச் செய்த பூசையால, அண்டைக்குச் செய்த அதே ஒழுங்கால வெண்டது எண்டுதான் அவற்ற மனசில விழுந்திருக்கு. அது எனக்கு அப்ப விளங்கேல்லை.

நான் என்ன செய்தன்? கோயிலில பியூஸ் புடுங்கின கதையை வேர்க்ஷொப்பில சொன்னன். ஸ்ட்ரிப்பில சொன்னன். ஒரு பிறந்தநாள் வீட்டில ரெண்டு தரம் சொன்னன், ரெண்டாம் தரம் கொஞ்சம் கூட்டி. ஆறு மாதத்தில அந்தக் கதை தெரியாத ஆக்கள் ரெண்டே ரெண்டு பேர்தான் இருந்திருப்பினம். அந்தக் கார் அவையின்ரதான்.

விஜயதசமி அண்டு காலமை மச்சான்காரன் போன் எடுத்தார். அவற்ற குரலில பகிடி இல்லை. எஞ்சின் வெடிச்சு அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கு எண்டார்.

ஆஸ்பத்திரியில, கண் பகுதிக்கு வெளியில, பரமண்ணை வேட்டியோட கதிரையில இருந்தார். நெத்தியில திருநீறு. எழும்பேல்லை. நான் பக்கத்தில இருந்தன். அவராக் கதைச்சார்.

"எனக்கு விளங்கேல்லை யோகன். நீர் அண்டைக்குச் செய்த மாதிரியேதான் செய்தன், ஒண்டையும் மாத்தேல்லை. இண்டைக்குப் பூசைக்கு வீட்டுக்கு முன்னால நிப்பாட்டி, போத்தலைத் திறந்து வைச்சு, நேரம் வரும் மட்டும் பாத்துக்கொண்டு நிண்டம். மல்லிகா ஆலாத்தி காட்டினா. அண்டைக்கு முதல் தரம் ஸ்டாட் வரேல்லை எண்டு நான் பற்றறி வயரையும் இறுக்கிப்போட்டுத்தான் திருப்பினனான்."

அந்தத் தாளில வேற மாதிரி எழுதியிருந்ததே அண்ணை எண்டு நான் கேக்கேல்லை. கேக்கிறதுக்கு எனக்கு எங்க முகம். தாளை எழுதினவனே கோயிலில வைச்சுத் திறந்து காட்டினவன் தானே.

பிள்ளையள், இதில நான் விட்ட பிழை எதெண்டு நீங்கள் தேடிக்கொண்டிருப்பியள். ரேப் சுத்தினது ஒரு பிழைதான். எல்லாரும் சுத்திறவை, ஒரு நாளைக்கு அகப்பட்டுத் திருந்துறவை. போத்தலை முன்னுக்கே திறந்தது இன்னொரு பிழை. அந்த ரெண்டையும் நான் அந்த ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கே கண்டுபிடிச்சிட்டன். கண்டுபிடிச்சதுக்குப் பிறகு நடந்ததுதான் மூண்டாவது. உண்மையைச் சொல்லியிருந்தாச் சீற்றைக் கழட்டியிருப்பன், அந்த மூட்டில இருந்த ரேப் புது வால்வுக்குள்ள போயிருக்காது. உண்மையைச் சொல்லியிருந்தாப் பரமண்ணை தன்ர வாழ்நாளில போத்தலை முன்னுக்குத் திறந்திருக்க மாட்டார். கஸ்டமர் நீங்கள் எழுதிக் குடுக்கிறதைப் பாக்கிறேல்லை, உங்கட கையைப் பாக்கிறவர். அதால ஒரு பிழையை ஆருக்கும் தெரியாமல் திருத்திப்போட்டு உங்கட கெட்டித்தனத்தை நினைச்சுச் சிரிக்கிற நாளில, காருக்குச் சொந்தக்காரரிட்டப் போய்ச் சொல்லுங்கோ. அவர் ஏசுவார். ஏச்சைக் கேட்டுக்கொண்டு நில்லுங்கோ.

அதோட இன்னொண்டு. வயசு போயிட்டுது, முழங்கால் ஏலாது, அதாலதான் கராஜை விட்டனான் எண்டு உங்களுக்குச் சொல்லியிருக்கிறன். முழங்கால் நல்லாத்தான் கிடக்கு. பொனட் திறந்திருக்கிற காருக்குப் பக்கத்தில ஆராவது வந்து நிண்டா, வேலையைப் போட்டுட்டு ஓடிப்போய் அவையை அங்கால இழுக்கத் தொடங்கினன்.

அக்காவை அடுத்த நாள்தான் பாக்க விட்டவை. வலது கண்ணை மூடிக் கட்டியிருந்தது. பிளாஸ்டிக் துண்டு ரெண்டு எடுத்தவையாம். வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது எண்டு டொக்டர் சொன்னதா அவவே எனக்குச் சொன்னா, வார்டில வேற ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லுற மாதிரி. இனிச் சத்திரசிகிச்சை வார்டில வேலை செய்ய ஏலாது எண்டதையும் அதே குரலில சொன்னா.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில நிண்டு முழுக்கச் சொன்னன். ரேப்பில இருந்து தொடங்கி, சந்தனப் பொட்டு, பியூஸ், பற்றறி வயர், புது வால்வ், கழட்டாமல் விட்ட சீற். ஒண்டையும் விடேல்லை. நான் முடிச்சாப்பிறகு அவ ஒரேயொரு கேள்வி கேட்டா.

"அண்டைக்குக் கோயிலில நான் தட்டோட நிக்கேக்கை உமக்குத் தெரியுமோ?"

"ஓம் அக்கா."

பக்கத்துக் கட்டில் மனுசிக்குச் சாப்பாடு கொண்டு வந்தவை. திரையை இழுத்து மூடிப்போட்டுப் போனவை. அக்கா மற்றக் கண்ணால யன்னலைப் பாத்துக்கொண்டிருந்தா.

"சொல்லியிருந்தா எனக்குக் கோவம்தான் வந்திருக்கும்" எண்டா. "கோயிலில வைச்சு இப்பிடிச் சொல்லிப்போட்டார் எண்டு உம்மோட ரெண்டு மாதம் கதைச்சிருக்க மாட்டன்."

நான் அவவின்ர தண்ணிக் கோப்பையை நிரப்பி, தெரியிற கண் பக்கமா நகர்த்தி வைச்சன்.

"ரெண்டு மாதம்தான் தம்பி" எண்டா.